யாருடைய சுண்டு விரல்

மே 14

அன்புள்ள அண்ணா,

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் பயந்துபோய்ச் சுற்றி வளைப்பேன்.

உன் கடைசி ஆட்டம் முடிந்து, குளித்து, ஈரத் தலையோடு கிளப் ஹாலில் மேடை ஏறினாய். கோல்கீப்பர் கையுறைக் கம்பெனி தொடங்கப் போவதாகச் சொன்னாய். ஹாலே இரண்டுபட்டது. நானும் கை சிவக்கத் தட்டினேன். அப்புறம் என் பக்கம் கையை நீட்டி, "ஆபீஸ் மொத்தமும் என் தங்கச்சி பார்த்துப்பா. அவ இருக்கறப்போ எனக்கென்ன கவலை!" என்றாய். மைக்கை என் வாய்க்கு நேரே கொண்டு வந்தாய்.

நான் "நன்றி" என்றேன்.

சொல்லாதது இது: அண்ணா, எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. அதற்குப் போகத்தான் ஆசை.

நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்கிறவள் நான். எவ்வளவு தடித்த நாவலையும் தொண்டை கட்டாமல் படித்து முடிப்பேன். ஒரு மைக்கைப் பார்த்து எனக்கு நா எழாமல் போனது நேற்றுதான்.

கடலோரத்து ஊர் ஒன்றில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது. அவர்களுடைய பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் குரலில் பதிய ஒரு புதுப் பிரிவு தொடங்குகிறார்கள். அதை நடத்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூலை நடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உன் பெரிய நாளுக்கு முன்னால் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். நீ அந்த நாளிலேயே எனக்கு நாற்காலி போட்டுவிட்டாய்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டிருக்கிறாயா? நீ அகாடமி விடுதிக்குப் போன வயதிலிருந்து நமக்குக் கடிதம்தான் ஒத்து வந்திருக்கிறது.

இனி ஆட்டம். அந்தக் கார்னர் உதையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோலுக்கு முன்னால் இத்தனை தலைகள். நீ நடுவில் புகுந்து, "விடு! என்னுது!" என்று கத்தியது மேல் வரிசை வரை கேட்டது. உன் ஆட்கள் அத்தனை பேரும் சட்டென்று குனிந்து வழிவிட்டார்கள். நீ எல்லோர் தலைக்கும் மேலே எழும்பி, மரத்திலிருந்து பழம் பறிக்கிற மாதிரி பந்தைப் பறித்தாய். அம்மா வழக்கம்போல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சாடி?"

"இல்லம்மா, அண்ணன் கையில இருக்கு."

"அடிபட்டுட்டானா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு எல்லாரும் இப்படிக் கத்தறாங்க?"

பதினெட்டு வருடமாக அவள் உன் ஆட்டத்தைப் பார்த்த விதம் இதுதான்.

முதலில் எழுதியதற்குப் பதில் எழுது.

உன் தங்கை


மே 23

பூச்சிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். நல்ல அடிதான், ஆனால் கோல் இல்லை! புத்தகப் பூச்சிக்கு ஏற்ற இடத்தை நான் இங்கே தயார் பண்ணி வைத்திருக்கிறேன். வந்து பார். பார்த்த பிறகு நீயே போக மாட்டாய். அந்தப் பள்ளி எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது கேள். டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை எடுத்திருக்கிறேன். கூரை உயரம். காற்று வருகிறது. ரப்பர் வாடையும் கூடவே வருகிறது, அது பழகிவிடும். வெட்டுகிற மெஷின் ஒன்று, தையல் மெஷின் நாலு. செருப்புக் கம்பெனியில் இருந்த கட்டிங் மாஸ்டர் வந்துவிட்டார். தைக்க ஒரு அக்காவும் அவருடைய கூட்டமும். ஊர் ஊராகப் போய் விற்க, டிஃபென்ஸில் ஆடின நெட்டையன், நம்ம கிரேன். எனக்கு முன்னால் நின்று பத்து வருடம் தலையால் முட்டினவன் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு கிளப் கிளப்பாகப் போகிறான். நிலைப்படியில் இன்னும் குனிந்துதான் வருகிறான், ஆனால் விற்பனையில் நிமிர்ந்துவிட்டான்.

கையுறையைப் பற்றி உனக்குத் தெரியாது. உள்ளங்கைப் பக்கம் லேடெக்ஸ் நுரை இருக்கும். தண்ணீர் தொட்டுக்கொண்டால் பந்து பசை போட்ட மாதிரி ஒட்டும். மேல்பக்கம் துணி. மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட ஒட்டுப் பட்டை. இத்தனை வருடம் எவனோ வெட்டினதை மாட்டிக்கொண்டு விழுந்து புரண்டேன். இனிமேல் என் அளவு!

முதல் வேலையாக அளவு அட்டை எடுத்தோம். அட்டையில் கையை வைத்து வரைந்துகொண்டால் மற்ற எல்லா அளவும் அதிலிருந்து பெரிதாக்கி, சிறிதாக்கிப் போட்டுக்கொள்ளலாம். மாஸ்டர், "யாரு கை சார்?" என்று கேட்டார். "என்ன கேள்வி இது? பதினெட்டு வருஷம் பந்து பிடிச்ச கை இங்க இருக்கு!" என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். "விடுங்க, என்னுது" என்று வாங்கி, இடது கையை அட்டையில் வைத்து வலது கையால் நானே வரைந்தேன். அதையே திருப்பிப் போட்டால் வலது கை. எவ்வளவு சுலபம் பார்!

உன் மேசையை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறேன். படிக்க வெளிச்சம் நன்றாக வரும். நாற்காலி ஏறி இறங்கும். நான் ஏறி உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டேன்.

சீக்கிரம் வா.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணா,

வந்து, பார்த்து, திரும்பியும் வந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே எனக்குள் ஏதோ துள்ளியது. மெஷின்கள் நாலும் ஒரே சமயத்தில் ஓடுகிற சத்தம், வெட்டி அடுக்கிய வெள்ளை உள்ளங்கைகள், கயிற்றில் கிளிப் போட்டு ஜோடி ஜோடியாகத் தொங்கிய கையுறைகள். கூரையிலிருந்து ஒரு கூட்டமே எனக்குக் கை காட்டுகிற மாதிரி இருந்தது. நீ மைதானத்தில் இருந்ததைவிட வேகமாக ஓடுகிறாய். உன் முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது.

ஆனால் நான் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உன்னைக் கவனித்துக்கொண்டும் இருந்தேன்.

போன் அடித்தது. நான் கை நீட்டுவதற்குள், "விடு, என்னுது." பெட்டி ஒட்டுகிறவர் டேப்பை எடுத்தார். "விடுங்க, என்னுது." ஊசி உடைந்தது, லாரிக்காரர் வந்தார், வாசலில் தண்ணீர் கேன் இறங்கியது. எல்லாம் உன்னுது. நீ கத்தினதும் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் அப்படி நகர்வதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். உன் டிஃபென்ஸ் ஆட்கள்!

தையல் அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்க அண்ணன் மாதிரி முதலாளி யாருக்கும்மா கிடைக்கும்? சம்பளத்தையும் குடுத்து வேலையையும் அவரே செஞ்சுடறாரு. இப்படியே போனா நாங்க தைக்கறதை மறந்துடுவோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முழுக்கச் சிரிப்பு இல்லை.

ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்தேன். எனக்குப் பெரிதுதான். ஆனாலும் சுண்டு விரல் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது. கிரேன் அண்ணனிடம் கேட்டேன். "அதான் தங்கச்சி, கீப்பரோட டெக்னிக்! எல்லா கிளப்லயும் அதைச் சொல்லித்தான் விக்கறேன்" என்றார். எனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா எழுதுகிறேன்.

சாப்பிடும்போது இரண்டு தடவை பேச்சை எடுத்தேன். முதல் தடவை நீ, "சாப்பிடுடி முதல்ல, இளைச்சுப் போயிட்ட" என்றாய். இரண்டாம் தடவை உனக்குப் போன் வந்தது. நன்றாகப் பிடிக்கிறாய் அண்ணா. நான் ஆட வரவில்லை, பதில் கேட்க வந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, "அந்தப் பிள்ளைங்க நீ படிச்சாத்தான் படிக்குமா?" என்று கேட்டாள். "இப்போதைக்கு அப்படித்தாம்மா" என்றேன். "அப்ப உங்க அண்ணன்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா எனக்கும் ஒரு மேசை வாங்கிப் போட்டுடுவான்" என்றாள்.

என்னைப் பள்ளியில் சேர்த்தது நீ. முதல் நூலக அட்டைக்குக் கையெழுத்துப் போட்டது நீ. அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாம் நீதான். அதனால்தான் உனக்குத் தெரியாமல் ஓடிப் போகாமல், இத்தனை தடவை உன்னிடமே வந்து நிற்கிறேன்.

பதில் எழுது. பந்தைப் பற்றி இல்லாமல், என்னைப் பற்றி.

உன் தங்கை


ஜூலை 5

பூச்சி,

மானம் போயிற்று. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய கிளப் ஒன்றின் பெண்கள் அணிப் பயிற்சிக்கு நானே பெட்டியோடு போனேன். முதல் ஆர்டர் முழுக்கப் போய்ச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய கீப்பர் ஒரு துடியான பெண். மாட்டினாள், கையைத் திறந்து மூடினாள், நாலு பந்து பிடித்தாள், கழற்றினாள். திரும்ப மாட்டினாள். நேரே என்னிடம் வந்தாள்.

"சார், இந்தச் சுண்டு விரல் யாரோடது?"

"என்னம்மா கேக்கற?"

"இல்ல சார், என்னோடது இல்ல. எங்க அணியில யாரோடதும் இல்ல. எல்லார் கையிலயும் போட்டுப் பார்த்துட்டோம்."

நான் "அது ஒரு டெக்னிக்" என்று ஆரம்பித்தேன். அவள் என் இடது கையைப் பிடித்துத் தூக்கி, கையுறைக்குப் பக்கத்தில் வைத்தாள். அணியே சுற்றி நின்று பார்த்தது. அப்புறம் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அது நின்றபாடில்லை. பயிற்சியாளர் விசிலைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்று குலுங்கினார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பல வருடத்துக்கு முன்னால் ஒருவன் பூட்ஸோடு மிதித்து இடது சுண்டு விரல் உடைந்ததே! கோணலாகவே ஒட்டிப் போனதே! அது கோணல் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கையைத்தான் வரைந்திருக்கிறேன். அதைத்தான் திருப்பிப் போட்டு வலது கையும் ஆக்கியிருக்கிறேன். பெரிய அளவு, சின்ன அளவு, எல்லாவற்றிலும் என் உடைந்த விரல். இந்த வட்டாரத்தில் இருக்கிற கீப்பர் அத்தனை பேரும் என் விரலை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. கொட்டகையில் நடக்க இடம் இல்லை.

மாஸ்டரைப் பிடித்துக் கத்தினேன். "உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். முதல் அட்டையிலயே தெரிஞ்சுது."

"அப்ப வாயைத் திறக்கறதுக்கென்ன?"

"நீங்க 'விடுங்க, என்னுது'ன்னீங்க. சரி, பெரிய ஆட்டக்காரர், எதையோ மனசுல வெச்சுத்தான் வளைக்கறார்னு நினைச்சோம். நாங்க அதை வெளியில சொல்லிப் பெருமை வேற பட்டுக்கிட்டோம்."

தையல் அக்கா ஒரு படி மேலே போய், "எத்தனை கஷ்டப்பட்டு அந்த வளைவைத் தெச்சோம் தெரியுமா சார்? நேரா வந்ததை எல்லாம் பிரிச்சுத் திரும்பத் தெச்சோம்" என்றார்!

சுண்டு விரல் சாய்கிறது என்று உன் கடிதத்திலும் இருந்தது. எடுத்துப் படித்துப் பார்த்தேன். வந்த அன்றைக்குப் படித்தபோது அதைப் புகழ்ச்சி என்று நினைத்துவிட்டேன்.

சரி. அழுது பயனில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போதாவது வா. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. மேசை காலியாகத்தான் இருக்கிறது. மேலே பெட்டி அடுக்கியிருக்கிறது, இறக்கிவிடலாம்.

அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள அண்ணா,

படித்துவிட்டு அம்மாவும் நானும் சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன என்று கேட்டார். மன்னித்துவிடு. "நேரா வந்ததை எல்லாம் பிரிச்சு" என்ற இடத்தில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்புறம், "என் பிள்ளை கை கோணல்னு எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று கண் கலங்கினாள். அப்புறம் திரும்பவும் சிரித்தாள்.

இப்போது சிரிக்காமல் எழுதுகிறேன்.

நான் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும். நான் இருந்தேனே! விரல் சாய்கிறது என்று என் கையே சொன்னது. "எனக்குத் தெரியாது, சும்மா எழுதுகிறேன்" என்று எழுதினேன். மாஸ்டர் நகர்ந்து நின்ற மாதிரி நானும் நகர்ந்து நின்றேன். உன் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். நீ எங்களை மிரட்டுவதால் இல்லை. நீ கத்தினால் பந்து உன் கைக்கு வந்துவிடும் என்று பதினெட்டு வருடமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். மைதானத்தில் அது சரி. அங்கே பந்து ஒன்றுதான். கொட்டகையில் ஒரே நேரத்தில் முப்பது பந்து வருகிறது, உனக்குக் கை இரண்டு. அதில் ஒன்று கோணல்.

இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டேன். எழுதினால் வருகிறது.

மேடையில் நீ என்னைக் காட்டிச் சொன்னதும் அந்தச் சத்தம்தான் அண்ணா. "விடு, என்னுது." நானும் குனிந்துகொண்டேன். இரண்டு மாதமாகக் குனிந்தே இருக்கிறேன். கழுத்து வலிக்கிறது.

நேற்று அந்தப் பள்ளிக்குச் சம்மதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். இதை நீ பிடிக்க முடியாது. வண்டி ஏறிவிட்டது.

தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பழக்கடைக்காரர் என்ன ஆச்சும்மா என்றார். "வேலை கிடைச்சிருக்கு" என்றேன். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் போய்ச் செய்தி சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்டு முதல் வாரம் கிளம்புகிறேன். அம்மா உன்னிடம் வருகிறாளாம். "அவனுக்குத்தான் ஆள் வேணும். நீ சமாளிச்சுப்ப" என்கிறாள். மேசை வேண்டாம், ஒரு நல்ல நாற்காலி போதுமாம்.

என் மேல் கோபப்பட்டாலும் அந்தக் கம்பெனியை விட்டுவிடாதே. அந்தக் கொட்டகையில் உன் முகத்தை நான் பார்த்தேன்.

உன் தங்கை


ஜூலை 19

தங்கைக்கு,

சரி.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன். மேசையை மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

அண்ணன்


செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணா,

நான் ஊர் மாறி வந்த பிறகு உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அம்மா போனில் "படிக்கறான், மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கறான்" என்கிறாள். அது போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட வந்தபோது நீ வாசலிலேயே நின்றுவிட்டாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதை நினைக்கவில்லை. இன்றைக்கு ஒன்று பார்த்தேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லி எனக்குத் திருப்தி வராது.

இங்கே பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள்!

பந்துக்குள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஏதோ வைத்துத் தைத்திருக்கிறது. உருண்டால் சத்தம் வரும். காதாலேயே பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவர்களும் இருப்பதால், எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும் என்று கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். பந்து வைத்திருக்கிறவரிடம் போகிறவர் "வரேன், வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கொடுக்காவிட்டால் தப்பாட்டம். பார்க்கிறவர்கள் மூச்சுவிடக் கூடாது. கத்தினால் பந்தின் சத்தம் கேட்காது. கோல் விழுந்த பிறகுதான் கத்தலாம். விழும்வரை எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைக் கேள். அணியில் கண் தெரிகிறவர் ஒரே ஒருவர்தான். கீப்பர்! அவர்தான் பின்னாலிருந்து வழி சொல்ல வேண்டும். இந்தப் பள்ளியில் தச்சு வேலை கற்றுத் தரும் வாத்தியார்தான் கீப்பர். தோட்ட வேலைக்கு வாங்கிய கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பதிவு அறை நன்றாக இருக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி நுரை. ஏழாம் வகுப்புச் சரித்திரம் முடிந்துவிட்டது. ஒரு பெண் வந்து, "நீங்க சண்டை வர்ற இடத்துல வேகமா படிக்கறீங்க, எங்களுக்குக் குறிப்பு எடுக்க முடியல" என்று குறை சொன்னாள். இத்தனை வருடத்தில் என் படிப்பைப் பற்றி யாரும் நேருக்கு நேர் குறை சொன்னதில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

பதில் எழுத வேண்டாம். சட்டைப் பையில் வைத்துக்கொள்.

உன் தங்கை


நவம்பர் 30

பூச்சிக்கு,

ஜெயித்துவிட்டோம்! நாங்கள் ஆடவில்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டோம்! நேற்று டிவி பார்த்தாயா? பார்த்திருக்காவிட்டால் நான் சொல்வதைக் கேள்.

பெண்கள் கோப்பை ஃபைனல். அந்த "யாரோட விரல் சார்" பெண்தான் கீப்பர். கையில் நம்ம கையுறை. ஆட்டம் சமம். பெனால்டிக்குப் போயிற்று. நானும் கிரேனும் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கடைசி உதை. இதைப் பிடித்தால் கோப்பை. எதிர் அணிப் பெண் ஓடி வருகிறாள். "இடது பக்கம்! இடது!" என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. கிரேன் என் வாயைப் பொத்திவிட்டான். அவன் கையில் பாதி முகம் போய்விட்டது எனக்கு. அந்தப் பெண் இரண்டு பக்கமும் விழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பந்து நேரே நடுவில் வந்தது. படார்! ஒட்டிக்கொண்டது பூச்சி! துள்ளவே இல்லை! உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது! நான் கத்தியிருந்தால், அவளும் கேட்டிருந்தால், கோப்பை போயிருக்கும்.

இந்தக் கையுறையை எப்படிச் செய்தோம் என்று உனக்குத் தெரியாது. மாஸ்டர் உன் மேசையில் பெரிய காகிதத்தை விரித்துவிட்டார். எந்த கிளப் கீப்பர் வந்தாலும் கையை வைத்து வரைந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்கள், பெண்கள், நீள விரல், குட்டை விரல். என்னை மட்டும் கிட்டே விடவில்லை. தையல் அக்கா ஒரு ஸ்டூலைக் காட்டி, "சார், நீங்க இங்க உக்காருங்க. கையை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கங்க" என்றார். அம்மா எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டு காவல் காத்தாள். நான் கை எடுத்தால், "டேய்" என்பாள். முதல் வாரம் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் எனக்கே வேலை இல்லை, தூங்கிவிட்டேன்.

ஆபீசுக்கு ஆள் எடுத்துவிட்டேன். கிரேன் பெண்டாட்டி. பஸ் டிப்போவில் விசாரணை ஜன்னலில் இருந்தவள். நாள் முழுக்கத் திட்டு வாங்கிப் பழகினவள். என் சத்தமெல்லாம் அவளுக்குக் காதிலேயே விழவில்லை. போன் அடித்தது, நான் கையை நீட்டினேன். "அண்ணே, இது என் வேலை" என்றாள். நகர்ந்துவிட்டேன்.

நான்கு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதெல்லாம் "வந்துவிடு" என்றுதான் பேனா ஓடியது. அது நின்ற பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இன்றைக்கு ஓடவில்லை.

தோட்டக் கையுறையோடு ஒரு மனுஷன் கோலில் நிற்கிறார் என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. அந்த வாத்தியார் கையைக் காகிதத்தில் வரைந்து உடனே அனுப்பு. அவரே வரையக் கூடாது, வேறு யாராவது வரைய வேண்டும். அடுத்த ஆட்டம் என்றைக்கு? நான் வரட்டுமா?

அண்ணன்


டிசம்பர் 22

அன்புள்ள அண்ணா,

நீ கூடவே இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நீ சொன்னால் உன் பங்கை விட்டுவிடுவாய்.

அம்மா, அண்ணன் ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். கிளம்பும்போதே பள்ளியில் யாரிடமும் தான் யார் என்று சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தான். நான் அனுப்பிய அளவில் அண்ணன் செய்து கொண்டு வந்த கையுறையைத் தச்சு வாத்தியார் மாட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். "என் கையே மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் பெட்டியை மடித்துக்கொண்டே, "உங்க கைதான்" என்றான்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியது. எதிர் அணி நன்றாக ஆடியது. பந்து நம் கோலுக்கு முன்னால் வரும்போதெல்லாம் அண்ணன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிடுவான். வாத்தியார் தப்பாக நிற்கிறார் என்று எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டான். பந்து ஓடிக்கொண்டிருந்தவரை அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எனக்குப் பந்தின் கிலுகிலுப்பு கேட்டது, பிள்ளைகளின் "வரேன், வரேன்" கேட்டது, பக்கத்தில் அண்ணன் மூச்சுவிடுவது கேட்டது.

நாங்கள் ஒரு கோல் போட்டோம். அப்போது கத்தலாம் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் கத்தின கத்தலில் நடுவர் திரும்பிப் பார்த்தார். நம் அணிப் பெண் ஒருத்தி, "யாரோட சொந்தக்காரங்க அது?" என்று மைதானத்திலிருந்தே கேட்டாள். "என் அண்ணன்" என்று நானும் கத்தினேன். அத்தனை சத்தமாக நான் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய் அம்மா.

ஆட்டம் முடிந்ததும் பதிவு அறையைப் பார்க்க வேண்டும் என்றான். கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டேன். நான் உள்ளே போய் ஒரு பாடத்தில் கொஞ்சம் படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தான். நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது, "ஏன் நிறுத்திட்ட? முடியலையே" என்றான். திரும்ப உள்ளே போய்ப் பாடத்தை முடித்துவிட்டு வந்தேன்.

அண்ணா, இனிமேல் உனக்கு மட்டும். நீ பஸ் ஏறிய பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று நாங்கள் தோற்றதைப் பற்றி விடுதியில் சாப்பாடு முடிகிறவரை சண்டை போட்டார்கள். மறுநாள் காலை எட்டாம் வகுப்பு அறிவியலில் நாலாம் பாடத்தைப் பதிவு செய்தேன். மத்தியானம் வகுப்பில் போட்டுக் கேட்டார்கள்.

உன் தங்கை
பூச்சி